திரும்பிப்போன கடிதம் திறந்துவிட்ட கதவு

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், பழைய கணினி ஒன்றில் குடும்பப் புகைப்படங்களையும் ஷீட் விற்ற கணக்குகளையும் சேர்த்துவைத்திருக்கிறார். வீட்டு வைஃபைக்குள் இருக்கும்வரை எல்லாம் கைபேசியில் திறக்கிறது. கோயம்புத்தூரில் படிக்கும் மகளால் மட்டும் திறக்க முடியவில்லை. கணக்குகளை வெளிநிறுவனம் எதனிடமும் ஒப்படைக்காமல் இதற்கு வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு. முதலில், ஏன் திறக்கவில்லை என்று பார்ப்போம். பழைய இணைய முகவரி 32 பிட் நீளம் கொண்டது என்பதால் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011-லேயே தீர்ந்துவிட்டது. ஆகவே இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அமர்த்துகின்றன. புதிய ஐ.பி.வி-6 முகவரிகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், வீட்டு ரவுட்டர் அங்கேயும் அழையாத பொட்டலங்களை, அதாவது இணையத்தில் தகவல் பயணிக்கும் சிறு துண்டுகளை, பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை.

அந்த ரவுட்டரை, கையில் நோட்டுப் புத்தகத்துடன் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளி என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருந்து ஒரு கடிதம் (பொட்டலத்தைத்தான் சொல்கிறேன்) வெளியே போனால், யாருக்குப் போகிறது, எந்த எண்ணில் (முகவரியோடு சேர்ந்துவரும் ‘போர்ட்’ என்ற வாசல் எண்) போகிறது என்று குறித்துக்கொள்வார். அதே இடத்திலிருந்து அதே எண்ணுக்கு வருவதைப் பதில் என்று எண்ணி உள்ளே விடுவார். நோட்டில் இல்லாத எதையும் தயவின்றித் தூக்கியெறிவார். குலசேகரத்து வாசலிலும் ஒரு காவலாளி, கோயம்புத்தூர் வாசலிலும் ஒரு காவலாளி. எதிர்ப்புறம் முதலில் எழுதட்டும் என்று இருவரும் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பூட்டைத் திறக்கும் உத்தி என்னை ஒவ்வொரு முறையும் மகிழ்விக்கிறது. இரண்டு கணினிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பவேண்டும். மகளின் கடிதம் முந்திக்கொண்டு குலசேகரம் வந்து சேர்கிறது என்போம். நோட்டில் பெயர் இல்லாததால் அங்கே அது குப்பைக்குப் போகிறது. ஆனால் அது புறப்பட்டபோதே கோயம்புத்தூர்க் காவலாளி தன் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டார் அல்லவா? சற்றுப் பிந்தி வீட்டுக் கணினி அனுப்பும் கடிதம் அங்கே போய்ச் சேரும்போது, அதைப் பதில் என்று நம்பி அவர் வழிவிடுகிறார். அந்தக் கடிதம் கிளம்பியதால் குலசேகரத்து நோட்டிலும் இப்போது ஒரு வரி உண்டு. இனி இரு பக்கமும் போக்குவரத்துதான். உரியவர் கையில் சேராமலே அழிந்த முதல் கடிதம்தான், தான் புறப்பட்ட வீட்டின் கதவைத் திறந்துவைத்தது.

எந்த முகவரிக்கு, எந்த எண்ணுக்கு எழுதுவது என்று இருவருக்கும் யார் சொல்வது? அதற்குப் பொது முகவரியுள்ள சிறிய சர்வர் ஒன்று வெளியே வேண்டும். மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அலுவலக உரையாடல் செயலி நடத்தும் ஸ்லாக் நிறுவனத்தில் உருவாகி 2019-இல் திறந்த மூலமாக (நிரல் வரிகளை யாரும் படிக்கும்படி) வெளியிடப்பட்ட, இப்படிக் கணினிகளை இணைக்கும் நெபுலா என்ற மென்பொருள், இந்த சர்வருக்குக் கலங்கரை விளக்கம் என்றே பெயர் வைத்திருக்கிறது. முட்டத்து விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அது திசையைக் காட்டும், சரக்கைச் சுமப்பதில்லை. இதே வேலையைச் செய்யும் டெயில்ஸ்கேல் செயலியைப் பயன்படுத்துவோர், அந்நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு சர்வருக்குப் பதிலாக ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல மென்பொருளைத் தாங்களே நிறுவிக்கொள்ளலாம்.

கடிதத்தின் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டே போகிறது. டெயில்ஸ்கேல் இதற்கு நம்பியிருக்கும் வயர்கார்டு என்ற குறியாக்க முறை, 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவகத்தில் இடம்பெற்றது; சுமார் 4,000 வரிகளே கொண்டது என்பதால் ஒருவரே உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம். ‘வி.பி.என். (இணையத்துக்குள் அமைக்கும் தனி மறைவழி) போட்டால் யாரும் நம்மைக் கண்டுபிடிக்க முடியாது’ என்று விளம்பரங்கள் தாயத்து விற்பதுபோல் விற்பதைவிட, படித்துச் சரிபார்க்க முடிகிற இந்தச் சில ஆயிரம் வரிகளையே நான் நம்புவேன். இப்படிப்பட்டவற்றை எழுதுவோருக்கும் சரிபார்ப்போருக்கும் நம் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்கவேண்டும் என்பதும் என் ஆசை.

இப்படி எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் அமைப்புக்கு மெஷ், அதாவது வலைப்பின்னல், என்று பெயர். வலை வீசும் குளச்சல் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 10 கருவிகள் இருந்தால் 45 இணைகள். ஒவ்வொன்றும் நேரடி இழை. கலங்கரை விளக்கம் சற்று நேரம் அணைந்தாலும், ஏற்கெனவே பின்னப்பட்ட இழைகள் அறுந்துவிடுவதில்லை.

எல்லா வாசலும் இப்படித் திறப்பதில்லை. சில காவலாளிகள் பெறுநர் மாறும்போதெல்லாம் எண்ணையும் மாற்றிவிடுவார்கள். கலங்கரை விளக்கம் கண்டு சொன்ன எண் அப்போது பயன்படாது. இரு பக்கமும் அப்படிப்பட்டவர்களாக இருந்தால், இடையில் ஒரு சர்வர் பொட்டலங்களை வாங்கிக் கைமாற்றவேண்டியிருக்கும். வேகம் குறையும், ஆனால் சாவி அதனிடம் இல்லாததால் அதனால் பிரித்துப் படிக்க முடியாது.

வாசகருக்கு இன்னும் இரண்டு செய்திகள். காவலாளிகள் நெடுநேரம் அசையாத வரிகளை அழித்துவிடுவார்கள் என்பதால், வயர்கார்டைத் தனியாக அமைப்பவர்கள் 25 விநாடிக்கு ஒருமுறை வெற்றுப் பொட்டலம் அனுப்புமாறு அமைப்பது வழக்கம். இடிமழையில் கரண்ட் போய்வந்தால் ரவுட்டரின் நோட்டு வெறுமையாகிவிடும்; மென்பொருள் கலங்கரை விளக்கத்திடம் மறுபடி விசாரித்து வழியைத் தானே அமைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அந்தப் பழைய கணினி விழித்திருக்கவேண்டும். ஆகவே மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கத் தொடங்கும்படி அதன் பயாஸ் (கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் இன்றே மாற்றிவைத்துவிடுங்கள்.