‘ஒரே சுகாதாரம்’ – இது என்ன தமிழ்?

செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம் வந்தால் போதும். ‘ஒரே சுகாதாரம்’ என்ற தொடர் பதாகைகளிலும் செய்திக்குறிப்புகளிலும் தலைகாட்டிவிடும். மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னியது என்கிற ‘ஒன் ஹெல்த்’ கருத்துக்குத் தமிழாம். நம் வழக்கில் ‘ஒரே வெயில்’, ‘ஒரே கூட்டம்’ என்றால் தாங்க முடியவில்லை என்று பொருள். அப்படியானால் இது சுகாதாரம் தாங்காமல் புலம்புகிற தொடர்.

மூலக் கதை சின்னது. மனித மருத்துவத்துக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் அடித்தளம் ஒன்றே என்று வாதிட்ட கால்நடை மருத்துவர் கால்வின் ஷ்வாபே, ‘ஒன் மெடிசின்’ என்ற பெயரைப் பரப்பினார். 2004-இல் நியூயார்க்கில் நடந்த மாநாடு அதை ‘ஒன் வேர்ல்ட், ஒன் ஹெல்த்’ என்று விரித்து, காட்டுயிரையும் சூழலையும் உள்ளே கொண்டுவந்தது.

சரி, ‘சுகாதாரம்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? குப்பை வண்டி, கொசு மருந்து, சுகாதார ஆய்வாளர். நாய்க்குச் சுகாதாரம் என்றால் குளிப்பாட்டுவது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சொல்லவந்த விஷயமோ வேறு.

நாய் கடித்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறார். காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, ஊசி போட்டு, அடுத்த ஊசிக்கான தேதியைச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. கடித்த நாய் எங்கே? அந்தத் தகவல் கால்நடை மருத்துவருக்குப் போக வேண்டும். அவர் நாயை 10 நாள் கண்காணித்து, செத்துப்போனால் மூளைத் திசுவைச் சோதனைக்கு அனுப்பி, முடிவை ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். அதே நாயிடம் கடிபட்டு ஊசி போடாமல் இருப்பவர்களை அப்புறம் தேடிப்பிடிக்க வேண்டும். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான் வருகிறது. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் பரவும் சங்கிலி அறுந்துவிடும். அதாவது மனிதரைக் காப்பாற்றுகிற ஊசி நாய்க்குப் போடப்படுகிறது. அதற்கான பணமோ வேறொரு துறையின் கணக்கில் இருக்கிறது. 2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்பதற்கான தேசிய செயல்திட்டத்தை 2021-இல் சுகாதார அமைச்சகமும் கால்நடை பராமரிப்பு அமைச்சகமும் சேர்ந்தே வெளியிட்டது இதனால்தான்.

இத்தனையையும் ‘ஒரே சுகாதாரம்’ எங்கே சொல்கிறது? ‘ஒருங்கிணைந்த சுகாதாரம்’ என்பாரும் உண்டு. அரசுத் திட்டங்களில் பாதி ஒருங்கிணைந்தவைதான். எதோடு எது இணைந்தது என்றுதான் எவரும் சொல்வதில்லை. ‘அனைத்துயிர் நலம்’ என்று எழுதினால் என்ன? ‘ஒன்’ எங்கே போயிற்று என்பார்கள். அது ஆங்கிலத்தில் முழக்கத்துக்காகச் சேர்ந்த ஒன்று. ‘அனைத்து’ அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சூழல் விட்டுப்போகிறதே என்றால், மண்ணும் நீரும் கெட்டபின் எந்த உயிருக்கு நலம்? சொல்லுக்குச் சொல் வைப்பவர்களுக்கு இது புரியாது. அகராதியைப் பார்ப்பார்கள், தெருவைப் பார்க்க மாட்டார்கள்.

இவர்களே ‘வெறிநாய்க்கடி நோய்’ என்றும் விடாமல் எழுதுகிறார்கள். பூனையும் குரங்கும் மாடும்கூட இதைக் கடத்தும், பிறாண்டினாலும் வரும். கடிக்கும்போது நாய் சாதுவாகவே தெரியலாம். பெயரில் வெறியும் நாயும் இருப்பதால், பூனை பிறாண்டியவர் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அதை ‘ரேபிஸ்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம். மூன்றே எழுத்து, டீக்கடை வரைக்கும் தெரிந்த சொல்.