குவாரிக் கழிவுக் குட்டை கிணற்றில் கசிந்தால்: எந்த விதி, எந்த அலுவலகம், எந்தத் தாள்

திருநெல்வேலி மாவட்டத்தில் செம்பு, துத்தநாகச் சுரங்கம் கிடையாது. அதனால் ராஜஸ்தானின் ஜாவர், மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் மாதிரி பெரிய கழிவு அணைகளும் இங்கே இல்லை. இங்கே இருப்பவை எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஆலைகளின் கழுவல் குட்டை, தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் மண்மேடு, தண்ணீர் தேங்கிய பழைய கல்குழி. அளவுதான் சிறிது. தண்ணீர் அடியில் இறங்கிப் பக்கத்து ஊற்றுக்கண்ணைப் பிடிக்கும் விதம் ஒன்றே.

எம்-சாண்ட் அலசும்போது 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூசி தண்ணீரோடு குட்டைக்குப் போகிறது. தூசி படிந்தபின் தெளிந்த நீரைத் திரும்ப இறைத்துக்கொள்வதுதான் ஏற்பாடு. சரள் மண்ணில் விரிப்பு எதுவும் போடாமல் தோண்டிய குட்டையில் அது நடப்பதில்லை. மேல் சரளைத் தாண்டி, பாறை வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் இன்னும் வேகம். பழைய கல்குழியையே குட்டையாக்குவது இதைவிட மோசம், ஏனென்றால் வெடி வைத்த பாறையில் புது வெடிப்புகள் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

“ஓடையில் ஒரு சொட்டும் விடலையே” என்று ஆலைக்காரர் சொன்னால் அது பதிலாகாது. 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் நிலத்தடி நீரையும் ‘ஓடை’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. 24-ஆம் பிரிவு கிணற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கு 2017-ஆம் ஆண்டு கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளும் உண்டு: கழிவுமேட்டுக்கான இடம் முடிந்தவரை நீர் இறங்காத தரையாக இருக்க வேண்டும், நுண்கழிவைத் தனியாகத் தயார் செய்த இடத்தில் கொட்ட வேண்டும், அது வயலையும் நிலத்தடி நீரையும் கெடுக்கக் கூடாது. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மனு எழுதுவது வீண். அது ஆற்றின் குறுக்கே தண்ணீர் தேக்கும் அணைகளுக்கானது.

மனு பெரும்பாலும் தோற்பது தவறான மேசைக்குப் போவதால்தான். நீர் மாசுக்குப் பொறுப்பு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருநெல்வேலி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். கருங்கல் குவாரியின் குத்தகை, எல்லை, ஆழம் ஆகியவற்றை ஆட்சியரகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை பார்க்கிறது. சுண்ணாம்புக்கல் என்றால் இந்திய சுரங்கப் பணியகம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்த பிறகு சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் பெயர் பலருக்கும் தெரியும். ஆனால் அது தொழிலாளர் பாதுகாப்புக்கான அலுவலகம். கிணற்று நீர் அதன் வேலையில் வராது.

முதலில் வாங்க வேண்டியவை மூன்று தாள்: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், ஆலையை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை, அனுமதி நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாக நிறுவனம் தரும் அரையாண்டு இணக்க அறிக்கை. அனுமதிக் கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அதன் நகல் ஊராட்சிக்கும் வந்திருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து 30 நாள் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இணக்க அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் தர வேண்டும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள். மனுவில் “எல்லா ஆவணங்களும்” என்று எழுதாதீர்கள். சர்வே எண்ணைப் போட்டு, “நிலத்தடி நீர் மட்டம், தரம் குறித்த அளவீட்டுப் பட்டியல், கண்காணிப்புக் கிணறுகளின் இருப்பிட வரைபடம்” என்று கேளுங்கள்.

சுரங்க அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை, சுற்றுக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை அளக்க வேண்டும் என்பது: ஏப்ரல்-மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி. இது தென்மேற்குப் பருவமழையை நம்பிய ஊர்களுக்குப் போட்ட கணக்கு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. நவம்பர் மாதிரியில் மழைநீர் கலந்து எல்லா எண்ணும் இறங்கியிருக்கும். அதை ‘மழைக்குப் பிந்தைய’ அளவு என்று அறிக்கையில் போட்டால் நம்பிவிடக் கூடாது. மே மாதத்தையும் ஜனவரியையும் ஒப்பிடுங்கள். பக்கத்துக் குளம் நிறைந்திருந்ததா, வறண்டிருந்ததா என்றும் குறித்துவையுங்கள்.

ஒரே கிணற்றின் அளவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. குட்டைக்கு மேட்டுப் பக்கம் ஒரு கிணறு, பள்ளத்துப் பக்கம் இரண்டு கிணறு, குட்டை நீர் ஒன்று என ஒரே நாளில் நான்கு மாதிரி வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் வாய்வரை பிடித்து, தேதி, நேரம், சர்வே எண், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துவிடுவது நல்லது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. சல்பேட் 200, அதிகபட்சம் 400. நைட்ரேட் 45; அதற்குத் தளர்வு இல்லை. உலோகச் சுரங்கக் கழிவில் முதலில் ஏறுவது சல்பேட். கருங்கல் குவாரியில் அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்தால் நைட்ரேட்டைப் பார்க்க வேண்டும். யூரியாவும் மாட்டுத்தொழுவமும் நைட்ரேட் தரும் என்பதால்தான் மேட்டுக் கிணறு தேவைப்படுகிறது.

குட்டைக் கரையின் அடிவாரத்தையும் ஒரு நடை பாருங்கள். சித்திரை வெயிலிலும் கோரை பச்சையாக நின்றால், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அங்கே கசிவு உண்டு. தெளிந்த நீர் கசிந்தால் புகைப்படம் எடுத்துக்கொண்டு மனு எழுத நேரம் இருக்கிறது. கலங்கலாக வந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து அரித்துப் போகிறது என்று பொருள், கரை உடையலாம். அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொல்லுங்கள். பள்ளத்தில் யாரும் ஆடு மாடு கட்ட வேண்டாம்.

நீங்கள் பிடித்த கேன் அதிகாரியை வரவைக்கும். சட்டப்படி சாட்சியாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் மாதிரிதான். தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். இந்த முறை தவறினால் வழக்கு விழுந்துவிடும். அதனால் மனுவிலேயே “21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்கவும்” என்று கேளுங்கள். கொக்கிரகுளம் ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். பின்தொடர அதுதான் பிடிமானம். ஊர்க் குடிநீர் கெட்டிருந்தால் மாற்றுக் குடிநீருக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை (சுரங்கக் குத்தகைதாரர்கள் பணம் கட்டும் நிதி) நிதியைத் தனி மனுவாகக் கேளுங்கள். அந்த நிதியில் குடிநீர் முன்னுரிமை இனம்.

வாரியம் அசையவில்லை என்றால் அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். இல்லையேல் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. கசிவை நிறுத்தச் சொல்லிக் கேட்க ஆறு மாதம், இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு கெடு. இரண்டிலும் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தரலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000.