கிண்டியில் உப்புமா

தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை மின்சார ரயிலில், பரங்கிமலை தாண்டியதும் எங்கள் பெட்டியில் ஒரு பெரியவர் கேட்பார்: "உப்புமா நல்லா வர்ற ஊர் எது, சொல்லுங்க?" யாரும் வாயைத் திறக்க மாட்டோம். வண்டி நின்றதும் ஜன்னலுக்கு வெளியே பெயர்ப் பலகையைக் காட்டி அவரே சொல்வார்: "கிண்டி!" பெட்டியே "ஐயோ சார்" என்று முனகும். தலையில் அடித்துக்கொண்டே சிரிப்போம்.

அதே பெட்டியில் இன்னொரு சிரிப்பும் இருந்தது. வழுக்கை விழுந்த நண்பர் ஒருவரைத் தினமும் ஓட்டுவோம். "சார் ஏறிட்டாரு, லைட்டை அணைங்கப்பா" என்ற ரகம். அவரும் சிரிப்பார், எங்களைவிடச் சத்தமாகவே. ஒருநாள் திடீரென்று அடுத்த பெட்டியில் ஏற ஆரம்பித்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, "அங்க காத்து நல்லா வருது" என்றார்.

சிரிப்பு என்றாலே யாரையாவது மட்டம் தட்டுவதுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் அவர்களில் முக்கியமானவர். பிறருடைய குறையைப் பார்த்து, 'நான் இவனைவிட மேல்' என்று சட்டென்று பொங்கும் பெருமிதம்தான் சிரிப்பு என்பது அவர் கட்சி. தொல்காப்பியம் இதில் கொஞ்சம் தாராளம். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. எள்ளல் நான்கில் ஒன்றுதான். பேதைமையும் மடனும்கூட இன்னொருவரின் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் குழந்தையின் மழலைக்குச் சிரிக்கும்போது அதை நாம் மட்டம் தட்டுவதில்லையே.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? 2010இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் வைத்தார்கள். ஏதோ ஒன்று முறை தவற வேண்டும். அந்தத் தவறலால் ஆபத்தில்லை என்றும் அதே நொடியில் மனதுக்குப் பட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு. கிச்சுக்கிச்சு மூட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நாமே மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராது, அத்துமீறலே இல்லை. முன்பின் தெரியாத ஆள் தெருவில் மூட்டினாலும் வராது, அடிக்கத்தான் தோன்றும். அம்மா மூட்டினால் குழந்தை உருண்டு புரள்கிறது.

இப்போது கிண்டிக்கு வருவோம். ஓர் ஊரின் பெயர் கண்ணெதிரே வினையெச்சமாக மாறி, வாணலியில் கரண்டியோடு நிற்கிறது. முறை தவறியது மொழி. அடி வாங்கியது இலக்கணம், அதற்கு வலிக்காது. வழுக்கை ஜோக்கில் முறை தவறியது ஒரு மனிதரின் மரியாதை விஷயத்தில். அதில் ஆபத்தில்லை என்று பட்டது சுற்றி நின்ற எங்களுக்கு. அவருக்குப் பட்டதா என்று நாங்கள் பார்க்கவில்லை. கேலி சிரிப்பு மூட்டக் காரணம் அதன் கொடுமை அல்ல. எங்கும் எளிதில் கிடைக்கும் அத்துமீறல் அது, அவ்வளவுதான். கடி ஜோக்குக்காவது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மொழியை விட்டால் அத்துமீறலுக்கு வேறு சரக்கே இல்லையா? சென்னைக்காரர்களுக்கு மழை இருக்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதை வைத்து எத்தனை ஜோக்! 2015 வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்த ஊர் என்பதால் பயம் நிஜம். ஆனால் ஒன்பது வருடம் ஓடியிருந்தது, தண்ணீரும் இன்னும் ஏறவில்லை. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறந்தது. கார் நிறுத்தியவர்களும் சேர்ந்தே சிரித்தார்கள். 2015 டிசம்பரில், இடுப்பளவு தண்ணீரில் நின்றவரிடம் இதே ஜோக்கைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

சிரிப்பின் பூர்வீகமும் ஹாப்ஸுக்குச் சாதகமாக இல்லை. சிம்பன்சியைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் மூச்சிரைப்பது போன்ற ஒலியில் சிரிக்கிறது. கட்டிப் புரளும்போது 'இது சண்டை இல்லை, விளையாட்டு' என்று எதிராளிக்குச் சொல்லும் சைகை அது. நம் சிரிப்பும் அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன், மக்கள் கூடும் இடங்களில் சுமார் 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்தார். ஜோக் என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை 20 சதவீதம்கூட இல்லை. மற்றதெல்லாம் "அப்போ பார்க்கலாம்" மாதிரிச் சாதாரணப் பேச்சுக்கு. தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டதுதான்.

அப்படியானால் நண்பர்களைக் கலாய்க்கவே கூடாதா? அப்படிச் சொன்னால் சென்னையில் பாதி நட்பு முறிந்துவிடும். 'டேய்' போட்டுப் பழகியவன் கலாய்த்தால் அது பாசம். இருவருக்கும் ஆபத்தில்லை என்று தெரியும். சிக்கல் வேறு இடத்தில். ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கேலி செய்பவர் தன் கேலி எவ்வளவு வலிக்கிறது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார் என்று காட்டினார்கள். 'சும்மா தமாசுக்கு' என்பது அவருக்கு உள்ளே தெரியும். கேட்பவர் காதில் விழுவதோ வார்த்தை மட்டும்.

அப்புறம், பதிலுக்குச் சிரித்தாரே என்பது சாட்சியாகாது. மனம் தானாக வெடிக்கும் சிரிப்பு ஒன்று, மரியாதைக்காக வரவழைக்கும் சிரிப்பு இன்னொன்று. தானாக வரும் சிரிப்பில் கண்ணோரம் சுருங்கும். கனடா உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003இல் நகைச்சுவையை நான்கு பாணியாகப் பிரித்தார். அதில் ஒன்று, அடுத்தவர் தன்னை ஏற்றுக்கொள்ளத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. எங்கள் நண்பரின் சத்தமான சிரிப்பு எந்த வகை என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் நான் ஓடி வந்து ஏறியது அடுத்த பெட்டியாகிவிட்டது. அவர் வாசலோரம் நின்றிருந்தார். சைதாப்பேட்டை தாண்டியதும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இந்த லைன்ல இனிக்கிற ஸ்டேஷன் எது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

"மாம்பலம். எங்க பேட்டைல மாம்பழத்தை அப்படித்தான் சொல்லுவோம்."

முனகல் எழுந்தது. அவர் கண்ணோரம் சுருங்கியிருந்தது.