படத்துக்குள் ஒளிந்திருப்பதைக் கண்ணால் தேடாதீர்கள்

தகவல் கசிந்துவிட்டதோ என்று ஒரு நிறுவனம் சந்தேகப்பட்டால், அங்குள்ள கணினிகளை ஆராய்ந்து சொல்வது என் வேலை. அப்படி ஒருமுறை என் மேசைக்கு ஒரு மடிக்கணினி வந்தது. அதைப் பயன்படுத்திய ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அடிக்கடி பூக்களின் படங்களை அனுப்பியிருந்தார். படங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் திரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த ஒரு படத்தின் கோப்பு 9 எம்பி இருந்தது. அதுதான் உறுத்தியது.

ஜேபெக் படம் ‘எஃப்எஃப் டி9’ என்ற இரண்டு பைட்டுகளோடு முடியும். படம் காட்டும் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும், அதற்குப் பின்னால் என்ன ஒட்டியிருந்தாலும் கண்டுகொள்ளாது. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். அந்த முடிவுக்கு அடுத்தே ‘பிகே’ என்ற எழுத்துகள், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கும் ஜிப் கோப்பின் தொடக்கம். அதற்குள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் இருந்தது. 2018இல் அமெரிக்காவில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் ஒருவர் டர்பைன் கோப்புகளைச் சூரியன் மறையும் படம் ஒன்றுக்குள் வைத்துத் தனக்கே மின்னஞ்சல் செய்ததாக வழக்குப் பதிவானதும் இதே வகைதான்.

ரகசியக் குறியீட்டில் எழுதினால் செய்தி புரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டெகனோகிராஃபி எனப்படும் மறைசெய்தி முறையில் செய்தி இருப்பதே தெரியாது. நம் அணியிலக்கணம் சொல்லும் சித்திரக்கவிகளில் ‘கரந்துறைச் செய்யுள்’ என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மறைந்திருக்கும். கருத்து அதேதான், இன்று பாட்டின் இடத்தில் பிக்சல் வந்திருக்கிறது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், அதாவது பிக்சலிலும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 100 என்பதை 101 ஆக்கினால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினி ஒவ்வோர் எண்ணையும் எட்டு பிட்டுகளாக, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்களாக, வைத்திருக்கும். அவற்றில் கடைசி பிட்டில்தான் செய்தியை எழுதுகிறார்கள். 1.2 கோடி பிக்சல் உள்ள, எண்களை மாற்றாமல் சேமிக்கும் பிஎன்ஜி வகைப் படத்தில் இப்படி 3.6 கோடி பிட்டுகள், அதாவது 4.5 எம்பி, கிடைக்கும். தடித்த நாவல் ஒன்றே அடங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாதது கணக்குக்குத் தெரியும். இயல்பான படத்தில் 100 எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை 101 வர வேண்டும் என்றில்லை. கடைசி பிட்டுகளில் செய்தி நிறைந்ததும் இந்த ஜோடிகள் ஏறக்குறைய சமமாகிவிடும். 1999இல் வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதனை முறையாக்கினார்கள். செய்தி சிறியதாக இருந்து படம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் இந்தச் சோதனை தடுமாறும். மூலப் படம் கையில் கிடைத்தால் வேலை எளிது, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டால் போதும்.

வெறும் எழுத்திலும் இது நடக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிகள் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யுனிகோடில், அகலமே இல்லாத எழுத்துகள் உண்டு. அவற்றில் இரண்டை 0, 1 என்று வைத்துக்கொண்டு வரிசையாக எழுதினால் செய்தியாகப் படிக்கலாம். ஓர் அறிக்கையின் ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு வரிசையை வைத்து, கசியவிட்டவரைக் கண்டுபிடிக்கவும் முடியும். இவற்றை மொத்தமாக நீக்கிவிடலாமே என்று தோன்றும். தமிழில் அவசரப்பட வேண்டாம். ‘க்’, ‘ஷ’ இரண்டும் ஒரே எழுத்தாக ஒட்டிக்கொள்ளாமல் தனித்து நிற்க, நாமே இப்படியொரு எழுத்தை நியாயமாகப் பயன்படுத்துகிறோம். சொல்லுக்கு நடுவே ஒன்று இருப்பது இயல்பு. நிறுத்தற்குறிக்குப் பின் எட்டு வரிசையாக நின்றால்தான் சந்தேகம். இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான கட்டளைகளையும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஆவணங்களில் புதைக்கிறார்கள். ஆவணத்தை முழுவதும் தேர்ந்தெடுத்து, வெற்று உரையாக ஒட்டிப் பாருங்கள், வெளியே வந்துவிடும்.

நிறுவனங்களுக்கு நான் சொல்வது, ஒவ்வொரு படத்தையும் துருவிக்கொண்டிருக்காமல் கழுவி அனுப்புங்கள் என்பதே. வெளியே போகும் படத்தின் அளவைச் சற்று மாற்றி, புதிதாக ஜேபெக்காகச் சேமித்தால் கடைசி பிட்டுகளும் பின்னால் ஒட்டியவையும் போய்விடும். இதை மின்னஞ்சல் வாசலிலேயே தானாக நடக்கும்படி அமைக்கலாம்.

துருவித்தான் ஆக வேண்டும் என்றால், கருவி சொல்வதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். நூற்றுக்கு ஒன்று தவறும் கருவிகூட ஒரு லட்சம் சாதாரணப் படங்களில் ஆயிரத்தில் மறைசெய்தி இருப்பதாகத் தவறாகக் காட்டும். வேறொரு நிறுவனத்தில், மென்பொருள் ‘மறைசெய்தி உள்ளது’ என்று காட்டியதை மட்டும் வைத்து ஒருவரை மூன்று வாரம் வேலைக்கு வரவிடாமல் நிறுத்தியிருந்தார்கள். நான் பார்த்தபோது அவை ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படங்கள். ஸ்கேனரின் இரைச்சல் கருவியை ஏமாற்றியிருந்தது. அவர் வேலைக்குத் திரும்பினார், ஆனால் பக்கத்து இருக்கைக்காரர்கள் முன்போல அவரிடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆறவே இல்லை.

அதன்பிறகு என் அறிக்கைகளில் ‘சந்தேகம்’, ‘மீட்கப்பட்ட செய்தி’ என்று இரண்டு தனிப் பகுதிகள் வைக்கிறேன். இரண்டாவது காலியாக இருந்தால், இந்த அறிக்கையை மட்டும் வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.