பாட்டு ஃபோல்டரை காப்பி எடுத்தால் பேக்கப் ஆகிவிடுமா?

பாட்டு ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டுவிட்டு, பிளேயரின் புதுப் பதிப்பைத் தைரியமாக இன்ஸ்டால் செய்பவர்கள் பலர். பாட்டு ஒன்றும் தொலையாதுதான். ஆனால் வருடக்கணக்கில் போட்டுவந்த ஸ்டார், பிளேலிஸ்ட், எதை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு எல்லாம் பெரும்பாலும் அந்த ஃபோல்டரிலேயே இல்லை.

பாட்டைப் பற்றிய விவரம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஃபைலோடு ஒட்டியிருக்கும் டேக். இன்னொன்று, பிளேயர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ்.

எம்பி3-க்கு 1996-இல் வந்த ஐடி3 டேக் மகா சிக்கனம். ஃபைலின் வால் பகுதியில் மொத்தமே 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லுக்கே 27 பைட் வேண்டும். புள்ளி, துணைக்கால் எல்லாம் தனிக்கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் ஃபைலின் தலைப்பகுதிக்கு இடம் மாறியது. எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோடு வந்தது, அட்டைப்படம் வந்தது. ஆனால் தலையில் இருக்கும் டேக் நீண்டால் பின்னாலிருக்கும் ஒலி முழுவதையும் தள்ளி எழுத வேண்டுமே? அதற்காகவே டேக்கின் கடைசியில் கொஞ்சம் வெற்று பைட்டுகளை விட்டுவைக்கிறார்கள்.

ஸ்டாருக்கும் டேக்கில் இடம் உண்டு, 255 வரை மதிப்பெண் போடலாம். அதை ஐந்து ஸ்டாராக எப்படிப் பிரிப்பது என்று விதி சொல்லாததால் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பல பிளேயர்கள் வம்பே வேண்டாமென்று தங்கள் டேட்டாபேஸிலேயே எழுதிக்கொள்கின்றன.

அப்டேட்டில் அடிபடுவது இந்த டேட்டாபேஸ்தான். புதுப் பதிப்புக்குப் புது அட்டவணைகள் தேவைப்படும். முதல்முறை திறக்கும்போதே பழையதை மாற்றி எழுதிவிடும். அப்புறம் பழைய பதிப்புக்குத் திரும்பினால் அதற்கு இது புரியாது. ‘கோடி’ (Kodi) என்ற மீடியா சென்டர் மென்பொருள் இதை நாகரிகமாகச் செய்கிறது. 19-ஆம் பதிப்பின் வீடியோ டேட்டாபேஸ் பெயர் மைவீடியோஸ்119. 20-க்குப் போனால் அதை மைவீடியோஸ்121 என்று நகலெடுத்து, நகலைத்தான் மாற்றும். பழையது அப்படியே கிடக்கும். எல்லா மென்பொருளும் இவ்வளவு பொறுப்பாக இருப்பதில்லை.

ஆகவே அப்டேட்டுக்கு முன் டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள், பிளேயரை மூடிவிட்டு. இது முக்கியம். பல பிளேயர்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், கடைசியாகச் செய்த மாற்றங்கள் பக்கத்திலுள்ள ‘வால்’ (WAL) என்ற தனி ஃபைலில் காத்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது முக்கிய ஃபைலை மட்டும் எடுத்தால் அவை விட்டுப்போகும்; காப்பியே உடைந்தும் போகலாம்.

திரும்ப வைக்கும்போது பாட்டுகளும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். பொதுவாக டேட்டாபேஸ் பாட்டை அடையாளம் காண்பது அதன் முகவரியை வைத்து. ‘இ’ டிரைவ் ‘எஃப்’ ஆகிவிட்டால் பழைய பாட்டெல்லாம் காணாமல் போனதாகவும், ஸ்டாரே இல்லாத புதுப்பாட்டுகள் வந்ததாகவும் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ‘காணாத ஃபைல்களை நீக்கு’ என்ற பட்டனைத் தொடவே கூடாது.

தானாக ஓடும் பேக்கப்பிலும் ஒரு கண் வேண்டும். புதுப் பதிப்பு ஆயிரக்கணக்கான ஃபைல்களில் டேக்கைத் தப்பாகத் திருத்தி எழுதினால், அத்தனையும் ‘மாறிய ஃபைல்’ என்று பேக்கப் மென்பொருள் நினைத்து, நல்ல காப்பிகளின் மேலேயே எழுதிவிடக்கூடும். அப்டேட் முடிந்து, தமிழ்த் தலைப்புள்ள சில பாட்டுகளைத் திறந்து பெயரும் ஸ்டாரும் சரியாக இருப்பதைப் பார்க்கும்வரை அந்த டிஸ்கைக் கழற்றியே வையுங்கள்.