கல் வீடு எரியாது என்று யார் சொன்னது?

அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் ஃபிராட்டர்னிட்டி (மாணவர்கள் சேர்ந்து தங்கும் சங்கம்) வீட்டைத் தீப்பாதுகாப்புக்காகச் சோதிக்கப் போனால், வாசலிலேயே இந்த வசனம் வந்துவிடும்: "இது கல்லுக் கட்டடம் சார், நூறு வருஷமா அசையாம நிக்குது." இந்தப் பருவத்திலும் கேட்டாயிற்று. நிற்கட்டும், எரியப்போவது கல் இல்லையே!

1846-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து 'கை சை' என்ற சங்கத்து மாணவர்கள் போட்ட மரக்குடிலில் தொடங்கியது, சங்கத்துக்கென்று தனி வீடு வைக்கும் இந்த வழக்கம். பிறகு பணக்காரர்களின் மாளிகைகள் சங்கங்களிடம் கைமாறின. 1930 வரை டியூடர், ஜார்ஜியன் பாணிகளில் புதிதாகவும் கட்டித் தள்ளினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் கோட்டை. ஆனால் பல வீடுகளில் அந்தச் செங்கல் வெறும் 4 அங்குல முகப்புதான். தரை, படிக்கட்டு, கூரை எல்லாம் மரம். பழைய 'பலூன் ஃபிரேம்' வீடு என்றால் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீள மரத்தூண்கள். இரண்டு தூண்களுக்கு இடையிலுள்ள சந்தில் மாடிக்கு மாடி தடுப்பு கிடையாது. கீழே பிடித்த தீ சுவருக்குள்ளேயே ஏறிப் பரணில் தலைகாட்டும். சில வீடுகளில் அந்தப் பரணில்தான் 'கோல்ட் டார்ம்': வீட்டில் உள்ளவர்கள் மொத்தப் பேரும் அடுக்குக் கட்டிலில் தூங்கும் கூடம்.

கல் காப்பாற்றும் என்பவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கதையைப் படியுங்கள். 1906 டிசம்பர் 7, கை சை மாளிகை எரிந்தது. மாணவர்கள் 4 பேர் இறந்தார்கள். தீயணைக்க வந்த 3 பேரைக் கொன்றது இடிந்து விழுந்த சுவர். 1996 மே 12-ல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் இன்னொரு வீடு, 5 மாணவர்கள் பலி. ஸ்பிரிங்ளர் (தீயின் சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பு) இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் இவ்வகை வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

பழுதுபார்க்கச் சுவரைத் திறந்தால், மூடும் முன் ஒவ்வொரு மாடி மட்டத்திலும் தூண்களுக்கு இடையிலுள்ள சந்துகளை 2 அங்குலப் பலகையாலோ கனிமக் கம்பளியாலோ அடையுங்கள். பிளம்பர் போட்ட ஓட்டைகளையும் சேர்த்துத்தான். படிக்கட்டுக் கதவு தானாக மூட வேண்டும். அடியில் ஆப்பு வைக்காதீர்கள். ஸ்பிரிங்ளர் தலையில் சட்டை மாட்டாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். ஒன்று திறந்தால் எல்லாம் கொட்டும் என்பது சினிமா. சூடேறிய தலை மட்டுமே திறக்கும்.

குளிர்கால விடுமுறையில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள் தம்பிகளா. பரணில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்; உறைநிலைக்குப் போனால் ஸ்பிரிங்ளர் குழாய் உறைந்து வெடிக்கலாம். அப்புறம் யாரோ ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீர் விடும் மெயின் வால்வை மூடுவார்கள், திறக்க மறந்துவிடுவார்கள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த வால்வைப் பாருங்கள்.