ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைவது எது?

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியானாலே வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி பத்துக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை தூக்கம் வருவதில்லை. திங்கள் காலை ராகு காலத்தில் வேலை தொடங்குவதால்தான் இப்படி என்கிறார் மாமியார். உண்மையா?"

கேட்டிருப்பவர் மலேசியாவின் கெடா மாநிலம் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் வாசகி. சனி அரைநாள், ஞாயிறு லீவு. மற்ற நாள்களில் காலை ஆறு மணிப் பெரட்டுக்கு, அதாவது தொழிலாளரைப் பேர் கூப்பிடும் வரிசைக்கு, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டோடு நிற்க வேண்டும், அதற்கு ஐந்து மணிக்கே அலாரம்.

ராகு காலத்தை முதலில் பார்த்துவிடுவோம். திங்களுக்கு 7.30 முதல் 9 வரை என்று நாள்காட்டியில் இருப்பது, சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. கெடாவிலோ சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும் நேரம் பொருந்தவில்லை. இன்னொன்று, கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு வாரம் பிறப்பது ஞாயிறு காலையில். ஞாயிற்று ராகு காலம் மாலை 4.30க்குத்தான் தொடங்குகிறது. ஆனாலும் அவருக்கு இதே வயிற்றுப் பிசைவு ஒரு நாள் முன்னதாக, சனி மாலையில் வரும். கிழமைக்கும் கிரகத்துக்கும் இதில் பங்கில்லை. "நாளைக்கு வேலை" என்று மூளை அறிந்திருப்பதே போதும்.

அந்த அறிதல் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை 1999இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் யான் போர்ன் குழுவினர் மிக அழகாகக் காட்டினார்கள். பதினைந்து பேரைத் தூங்கவைத்து, இரவு முழுவதும் மெல்லிய குழாய் வழியே கொஞ்சங்கொஞ்சமாக இரத்தம் எடுத்தார்கள். ஓர் இரவில், "காலை ஆறுக்கு எழுப்புவோம்" என்று சொல்லிவிட்டு ஆறுக்கே எழுப்பினார்கள். இன்னோர் இரவில் ஒன்பது என்று சொல்லி ஒன்பதுக்கு எழுப்பினார்கள். மூன்றாவது இரவில், ஒன்பது என்று சொல்லிவிட்டு ஆறுக்கே திடீரென எழுப்பினார்கள்.

இரத்தத்தில் அவர்கள் தேடியது ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு அனுப்பும் கட்டளைச் சீட்டு அது. சீட்டு வந்ததும் அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கும், கார்ட்டிசால் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி உடலை நாளுக்குத் தயார்ப்படுத்தும். ஆறு மணியை எதிர்பார்த்துத் தூங்கியவர்களிடம் ஆறுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே, அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஹார்மோன் ஏறத் தொடங்கியது. ஒன்பது என்று நம்பித் தூங்கியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. திடீரென எழுப்பியபோதுதான் சட்டென்று எகிறியது.

இதில் வியப்பு எது தெரியுமா? சொல்லப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்ட மூளை, கண் மூடிய பின்னும் மணிக்கணக்கு வைத்திருந்து, குறித்த வேளைக்கு முன்னதாகவே சுரப்பிக்குச் சீட்டு அனுப்பிவிட்டது. எதிர்பார்ப்பு என்பது வெறும் நினைப்பல்ல, உடல் செய்யும் வேலை. விழித்த முதல் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் கார்ட்டிசால் இன்னும் பாதியளவுக்கு ஏறுவது பெரும்பாலோருக்கு இயல்பு. 2004இல் பிரிட்டன் அரசு ஊழியர்களின் எச்சிலை அளந்து பார்த்தபோது, அந்த ஏற்றம் விடுமுறை நாளைவிட வேலை நாளில் அதிகமாக இருந்தது.

ஞாயிறு மாலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாளைய வேலையை நினைத்ததும், ஆபத்து வேளையில் உடலை உசுப்பும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, பிசைவுக்கு அதுவும் ஒரு காரணம். ஓடவோ தூக்கவோ வேண்டிய வேலை இருந்தால் இந்தத் தயாரிப்பு செலவாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பயமாகத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பெரட்டுக்கு நிற்கும் மக்களிடமும் நடத்த வேண்டும். தோட்டத்தில் தேவைப்படுவது எச்சில் சேர்க்கும் சிறு குழாய்களும் ஒரு குளிர்பெட்டியும்தான். கட்டடங்களுக்குச் செலவிடும் ஆய்வுப் பணத்தில் சிறு பங்கு போதும்.

தூக்கம் வராததற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வேலை நாளில் பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் தூக்கத்தின் நடுப்புள்ளி 1.30. சனி இரவு படம் பார்த்து ஒரு மணிக்குப் படுத்து ஞாயிறு ஒன்பதுக்கு எழுந்தால் நடுப்புள்ளி 5.00. வித்தியாசம் மூன்றரை மணி நேரம். சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலுள்ள நேர வேறுபாடே இரண்டரை மணிதான். வீட்டை விட்டு நகராமலே வாராவாரம் சென்னையைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது உடல். ஒன்பதுக்கு எழுந்தவர் இரவு பத்துக்குள் 13 மணி நேரமே விழித்திருக்கிறார், மற்ற நாளில் 17 மணி நேரம். தூக்கம் எப்படி வரும்? தூக்கம் வராமல் படுத்திருப்பவருக்கு இதயத் துடிப்பு காதில் கேட்கிறது, கவலை அதைப் பிடித்துக்கொள்கிறது.

மலேசியக் கடிகாரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. பாடாங் செராயின் தீர்க்கரேகைப்படி, கடிகாரம் சூரியனைவிடச் சராசரியாக 1 மணி 18 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஐந்து மணி அலாரம் சூரியக் கணக்கில் 3.42. மனிதனின் உள்கடிகாரமோ சராசரியாக 24 மணி 11 நிமிடச் சுற்று. விட்டுவிட்டால் பின்னுக்குத்தான் நழுவும், காலை வெளிச்சந்தான் அதை முன்னே இழுத்துவைக்கும்.

ஆகவே ஞாயிறு ஆறு மணிக்கே எழுந்துவிட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் சலுகை வேண்டாம். ஏழரைக்கு வாசலில் அரை மணி நேரம் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். மத்தியானம் கண் சொக்கினால் இரண்டு மணிக்கு முன் 20 நிமிடம், அதற்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி தே தாரேக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கோப்பியும் இரண்டு மணியோடு சரி. கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறுக்குக் குடித்த கோப்பி இரவு பதினொன்றுக்கும் பாதி மிச்சமிருக்கும்.

பிசைவுக்கான மருந்து ஞாயிறு மாலையில் இல்லை, சனி மதியம் ஆபிஸ் பூட்டும் முன் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. முடியாத வேலை ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஒரே ஒரு செயல், நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். "குலைக் கணக்கு முடிக்கணும்" என்று எழுதினால் பயனில்லை, மூளை அதைத் திறந்த கணக்காகவே சுமக்கும். "திங்கள் 7.15, ஆபிஸ் மேசை, விடுபட்ட இரண்டு நாள் குலை எண்ணிக்கையை மண்டோரிடம் (கங்காணியிடம்) கேட்பது" என்று எழுதினால் அது தாளுக்குக் கைமாறிவிடும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 57 பேர் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் நுணுக்கமாக இருக்க இருக்க, தூக்கமும் சீக்கிரம் வந்தது.

பிசைவு வந்தே தீர்ந்தால் மூச்சு. நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு முறை, ஐந்து நிமிடம். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அதன் வேகத்தைக் குறைக்கும், அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். பலர் "நல்லா இழுத்து விடு" என்பதைக் கேட்டு வேகவேகமாக இழுப்பார்கள். அதில் கரியமில வாயு மிகவும் குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும், பயம் இரட்டிப்பாகும். படுத்து இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்து போய், மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள், தூக்கம் சொக்கும்போது திரும்புங்கள். மணி பார்க்காதீர்கள்.

மேலாளர்களுக்கும் ஒரு சொல். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு நாளை ஓய்வாகத் தந்திருக்கிறது. ஞாயிறு மாலை வாட்சாப்பில் "நாளைக்கு முதல் வேலையா" என்று அனுப்பும் செய்தி, லூபெக்கில் சொல்லப்பட்ட அந்த ஒற்றை வாக்கியத்தைப் போலத்தான். பெறுபவரின் சுரப்பிகள் வரை போகும். திங்கள் காலை ஏழுக்கு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

பிசைவு திங்கள் மதியத்துக்குள் அடங்கிவிட்டால் மேலே சொன்னவை போதும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தாலோ, ஆபிஸில் யாரோ ஒருவரை நினைத்து மட்டுமே வந்தாலோ, மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நெஞ்சில் வலி இருந்தால் அதைக் கவலை என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி அருகிலுள்ள அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான், மந்திரித்த கயிற்றைவிட மலிவு. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை, எண் 15555.